மழை நாளில் மட்டும் நின்றுபோன ஏசி

“பன்விலயில பொறந்தவன் குளிர் மெஷின் திருத்துறானாம்! ஏன்டா, ஜன்னலத் தெறந்து வுட்டா முடிஞ்சிச்சு வேல. அதுக்கு ஒனக்குச் சம்பளம் வேறயா?” என்று என் மச்சான் கேட்காத தீபாவளி கிடையாது. அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. காலையில் கம்பளியை விட்டு எழும்ப மனம் வராத தோட்டத்தில் பிறந்துவிட்டு, ஊரார் வீடுகளைக் குளிராக்குவதுதான் என் தொழில் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் மச்சான் கண்டி டவுனில் கொங்கிறீட் தட்டுக்குக் கீழே ஏப்ரல் மாத மத்தியானத்தில் படுத்துப் பார்த்தவர் இல்லை. படுத்துப் பார்த்தவர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். அப்படியே என் காலமும் ஓடிவிட்டது.

நான் ஓய்வு பெற்ற வேலைத்தலத்துப் பையன்கள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். “ஐயா, இப்பல்லாம் மெஷினே என்ன கோளாறுன்னு நம்பர் போட்டுக் காட்டிருது. நீங்கல்லாம் அந்தக் காலத்துல எப்புடிக் கண்டுபுடிச்சீங்க? ஆண்டு மலருக்கு எழுதித் தாங்க” என்றார்கள். எப்படிக் கண்டுபிடித்தேன்? உண்மையைச் சொன்னால், பயந்து பயந்துதான் கண்டுபிடித்தேன். என் சுபாவம் அப்படி. இதை எழுதும்போதுகூட, எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்தில் பிழை இருக்குமே என்று ஒரு கவலை. மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். திருத்துகிறேன் என்று நல்ல இடத்தை வெட்டிவிடுவாளோ என்பது அடுத்த கவலை.

எட்டாம் வகுப்போடு நின்றதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. அதற்கு மேல் படிக்க பஸ் ஏறிக் கண்டிக்குப் போகவேண்டும். பஸ் எங்கள் சந்திக்கு வந்து சேரும்போது பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்திருக்கும். அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, தெரிந்த ஒருவர் மூலம் ஐஸ்கிறீம் பெட்டி திருத்தும் கடையில் சேர்த்துவிட்டார். துரு சுரண்டினேன், செம்புக் குழாய் ஒட்டப் பழகினேன், இரண்டு புருவத்தையும் ஒரு தடவை பொசுக்கிக்கொண்டேன். பிறகு கண்டி வீடுகளில் ஏசி மெல்ல மெல்ல நுழையத் தொடங்கிய காலத்தில், அவற்றை விற்றுத் திருத்திக் கொடுக்கும் ஒரு கம்பனியில் வேலை கிடைத்தது. பயிற்சி என்று சொல்வதானால் அவ்வளவுதான். மிச்சத்தை மகாலிங்கம் ஐயாவிடம் பார்த்துக்கொண்டேன்.

மகாலிங்கம் ஐயா எங்கள் திருத்தப் பகுதிக்குப் பொறுப்பாளர். சாவகச்சேரிக்காரர். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடி வெப்பமானி வைத்திருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எங்களை “நீர்” என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். “நீங்கள் என்ன செய்துகொண்டு இருக்கிறியள்?” என்று ஐயா வாயிலிருந்து ‘நீங்கள்’ வந்துவிட்டதென்றால், அன்றைக்கு நாங்கள் ஒருவரும் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கமாட்டோம்.

ஒரு வீட்டுக்குப் போனால் அவர் செய்யும் முதல் வேலை கதிரையில் உட்காருவது. ஸ்பானரைத் தொடமாட்டார். ரிமோட்டைத் தொடமாட்டார். எந்த நேரத்தில் குளிர் போகிறது, அந்த நேரத்தில் அறையில் யார் இருப்பது, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று வைத்தியர் மாதிரி விசாரிப்பார். பிறகு வெப்பமானியை எடுத்து, உள்பெட்டி காற்றை இழுக்கும் இடத்தில் ஒருமுறை, காற்றைத் துப்பும் இடத்தில் ஒருமுறை பிடித்துப் பார்ப்பார். அடுத்தது வெளிப்பெட்டி. அங்கே தடித்த குழாயைக் கையால் பிடித்து, அது சில்லென்று வேர்த்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு காதை வைத்து கம்பிரசர் சத்தத்தைக் கேட்பார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் காஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் பெட்டியைத் திறக்கவிடுவார். வந்தவுடனே காஸ் அடிக்கப் பறக்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. “காய்ச்சல்காரன் வாசல்படி ஏற முந்தியே சேலைன் ஏத்துறதே? காஸ் கடைசி வேலை காணும்” என்பார்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். போவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குக் கட்டாயம் டெலிபோன் எடுக்கவேண்டும். “சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தற்றை வீட்டு அறைக்குள்ள போய் நிக்கிறது மரியாதை இல்லை. பெண்கள் இருப்பினம், வருத்தக்காரர் படுத்திருப்பினம்” என்பது அவர் சொல்லும் காரணம். அம்பிட்டிய பக்கத்து நாய் ஒன்று எங்கள் ஆளின் காற்சட்டையில் ஒரு பக்கத்தைக் கழற்றி எடுத்தது நாங்கள் சொல்லும் காரணம்.

எனக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ‘ரிட்டன் முருகேசு’. வேலை முடித்துப் பஸ் ஏறிய பிறகு, அந்த ஆணியை முறுக்கினேனா, இந்த வயரைச் செருகினேனா என்று நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். இறங்கித் திரும்பிப் போவேன். போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு தடவை பேராதனையில் ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் இப்படித் திரும்பிப் போய் வெளிப்பெட்டியைத் திறந்தேன். நாங்கள் மூடிவிட்டு வந்த சுவிட்சுக்குள்ளே சிவப்பு எறும்புகள் மறுபடி வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தன. அந்த வீட்டு ஏசி அடிக்கடி நின்றது அதனால்தான். ஐயாவிடம் வந்து சொன்னபோது, “பாரும், எறும்புக்கும் உம்மைப் போலத்தான், திரும்பிப் போகாட்டி நித்திரை வராது” என்றார். அதன் பிறகு என் ரிட்டன் பயணங்களை அவர் கேலி செய்வதில்லை. மற்றவர்கள் விடவில்லை.

இனி, பையன்கள் கேட்கும் ‘பெரிய கேஸ்’.

கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிக் கலகெதரப் பக்கம் போகும் பாதையில், ரோட்டுக்கு மேலே படியேறிப் போகும் ஒரு வீடு. ஜவ்பர் முதலாளிக்குக் கலகெதரயில் கடை. கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி விற்பவர். அவருடைய மனைவி ஸரீனா கல்யாண கேக் செய்பவர். முஸ்லிம் வீட்டு வழக்கப்படி அவரை ‘ராத்தா’, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். வீட்டு முன்னறையை அடைத்து, ஏசி போட்டு, அதற்குள்ளே காலையிலிருந்து சீனியில் பூச் செய்துகொண்டிருப்பார். ஓர்க்கிட், ரோசா, மல்லிகை என்று அவர் செய்து வைத்திருந்ததைப் பார்த்து நான் மோந்தே பார்த்துவிட்டேன்.

முதலில் டெலிபோன் எடுத்தவர் முதலாளிதான். “உங்கட மெஷின் புதுமாப்பிள்ள மாதிரி ஈக்குது. நெனச்சாக் குளிருது, நெனச்சாக் கோவிச்சிட்டு நிண்டுருது. வந்து பாருங்க” என்றார்.

நான் போனேன். முன்கூட்டியே டெலிபோன் எடுத்துவிட்டுத்தான் போனேன். ராத்தா அறைக்குள் கூட்டிப்போனார். ஐயா சொல்லித் தந்தபடி ஸ்பானரைத் தொடாமல் உட்கார்ந்து விசாரித்தேன்.

“தம்பி, எனக்குக் குளிர் வேணாம். எனக்கு வேணுங்கிறது காஞ்ச காத்து. சீனிப் பூ ஈரம் குடிச்சா முடிஞ்சிச்சு. போன கல்யாணத்துல என்ன நடந்திச்சுத் தெரியுமா? ஹோல்ல கொண்டு போய் வச்சா, பூவெல்லாம் தலயத் தொங்கப் போட்டுட்டு நிக்குது. பொண்ணுட மாமி எல்லாருக்கும் முன்னால கேக்கிறாங்க, இது கல்யாண கேக்கா, மையத்து வீட்டு கேக்கா எண்டு.”

சாவு வீட்டு கேக்கா என்று கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் கை மேசைவிரிப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. “அடுத்த ஓர்டர் கம்பளையில. பெரிய கடக்கார வீடு. அஞ்சு தட்டு கேக். அதுவும் இப்படிப் போனா, பொறகு என்ன? பட்டர் கேக் வெட்டி தேத்தண்ணிக் கடைக்குப் போடவேண்டியதுதான் நான். ஏழு வருசமா இந்தப் பேர எடுக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

அன்றைக்கு ஏசி அழகாக ஓடிக்கொண்டிருந்தது. வெப்பமானி பிடித்தேன், குழாயைத் தொட்டேன், எல்லாம் சுகம். உள்பெட்டியின் தூசி வடிகட்டியைக் கழற்றியபோது மட்டும் வெள்ளையாக மாப்போல எதுவோ அப்பியிருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஐசிங் சீனி. ‘அகப்பட்டுட்டியா!’ என்று சந்தோசமாகக் கழுவிப் பூட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் மறுபடி நின்றது. போனேன். போனால் ஓடுகிறது. வெளிப்பெட்டி வீட்டின் பின்பக்கம், தாழ்வாரத்துக்குக் கீழே ஒரு சீமெந்துத் திட்டில் இருந்தது. சுற்றிலும் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். இவ்வளவு ஒழுங்கான வீடு நான் கண்டதில்லை என்று நினைத்தேன். பெட்டியின் தகடுகளுக்கிடையில் ஒரு கராம்பு செருகியிருந்தது. எடுத்து மோந்து பார்த்தேன், நல்ல வாசம். ஆனால் அந்த வீடு முழுக்கவே கராம்பும் கறுவாவும் ஏலமும்தானே மணக்கிறது, கேக் போடுகிற வீடாயிற்றே. கராம்பைச் சுண்டி எறிந்துவிட்டு, கம்பிரசரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் பழசாக இருக்கும் என்று புதிதாக மாற்றிவிட்டு வந்தேன்.

அது மறுபடியும் நின்றபோது மகாலிங்கம் ஐயாவே கூட வந்தார். அவர் கதிரையில் உட்கார்ந்து கேட்கக் கேட்க ராத்தாவுக்கு ஒரு விசயம் பிடிபட்டது.

“ஐயா, ஒண்டு சொல்லட்டா? இது நிக்கிறதெல்லாம் மழ நாள்லதான். வெயில் நாள்ல ஒரு கொறயும் இல்ல. எனக்கு மெஷின் வேணுங்கிறதே மழ நாள்லதான். அண்டைக்கிப் பாத்து நிண்டுருது.”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம். “அப்ப தண்ணி எங்கையோ வயருக்குள்ள இறங்குது. முருகேசு, மழையை நாங்களே பெய்யவைச்சுப் பாப்பம்.”

வயர் பூட்டியிருந்த இடம் முழுவதற்கும் ரப்பர் வைத்து அடைத்தோம். பிறகு பூமரத்துக்குத் தண்ணீர் விடும் வாளியை வாங்கி, ஓடுகிற மெஷின் மேலே நான் ஊற்றினேன். ஐயா பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, சிங்களத்தில் “மொகத மே? ஏக நாவனவத?” என்று கேட்டார். மெஷினைக் குளிப்பாட்டுகிறீர்களா என்று கேட்கிறார். ஐயா குடையோடு தலையை ஆட்டினார்.

மெஷின் நிற்கவேயில்லை. ஜவ்பர் முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பெட்டியில ஆராவது கை வைச்சவையோ? ஏதும் மாத்தினவையோ?” என்று ஐயா கேட்டார்.

“அல்லாவே, இல்ல ஐயா. ஒருத்தரும் தொடல்ல. எனக்கு மெஷினெண்டாப் பயம்” என்றார் முதலாளி. அது முழு உண்மை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

கம்பளைக் கல்யாணத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை. விடியவே வானம் மூடிக்கொண்டு நின்றது. காலையில் ராத்தா டெலிபோன் எடுத்தார். இந்தத் தடவை சிரிப்பில்லை, கோபமுமில்லை. “விடியச் சாமத்துல இருந்து நிண்டு நிண்டுதான் ஓடுது தம்பி. அஞ்சு தட்டுக்கும் ஐசிங் போட்டு, பூவும் வச்சிட்டேன். இந்த மழையில வேறெங்கயும் தூக்கிட்டுப் போகவும் ஏலா” என்று மட்டும் சொன்னார். ஐயா கொழும்புக்குப் பேசிப் பார்த்தார். மாற்று வெளிப்பெட்டி திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். “போம் தம்பி, போய் மெஷினுக்குப் பக்கத்திலயே இரும். நிண்டால் உடனே எனக்குச் சொல்லும்” என்று என்னை அனுப்பினார். வழக்கம்போல நான் டெலிபோன் எடுத்துச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

மத்தியானம் கழியும் வரை அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மழை கொட்டுகிறது, மெஷின் ஓடுகிறது. பால் குடித்த பிள்ளை மாதிரி ஓடுகிறது. கேஜ் பூட்டிப் பார்த்தேன், அழுத்தம் சரி. ராத்தா கதவை ஒருச்சாய்த்து, “இப்ப நல்லாத்தான் ஈக்குது தம்பி. போய்ச் சாப்பிடுங்க” என்றார். எனக்குப் போக மனமில்லை. ஆனாலும் ஓடுகிற மெஷினை என்ன செய்ய? எழும்பி வந்தேன்.

பன்வில பஸ்ஸில் மடவளை வரைக்கும் வந்திருப்பேன். கேஜைக் கழற்றிய பிறகு வால்வின் பித்தளை மூடியைப் போட்டு இறுக்கினேனா? போட்டேன். இறுக்கினேனா? ஞாபகமில்லை. அந்த மூடி தளர்ந்து காஸ் கசிந்து, கேக் சரிந்து, அந்த மாமி எல்லோருக்கும் முன்னால் கேட்டதை இன்னொரு மாமி கேட்டு... போதும். மணியை அடித்தேன். கொண்டக்டருக்கு என்னைத் தெரியும். “ரிட்டனா அண்ணே?” என்று சிரித்தான்.

திரும்பிப் போகிறேன் என்று டெலிபோன் எடுக்கப் பெட்டிக்கடை எதையும் தேடவில்லை. ஒரு மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வர எதற்கு டெலிபோன்? முன்கதவையும் தட்டவில்லை. வேலையாக இருக்கும் ராத்தாவை ஏன் பயப்படுத்தவேண்டும் என்று, பக்கத்து ஒழுங்கையால் நேரே பின்பக்கம் போனேன்.

போய் அப்படியே நின்றுவிட்டேன்.

வெளிப்பெட்டியைக் காணவில்லை! அந்த இடத்தில் ஒரு கூடாரம் நின்றது. லொறிக்குப் போடும் பச்சைப் படங்கைத் தாழ்வாரத்திலிருந்து இழுத்து நிலம்வரைக்கும் இறக்கி, மூலைகளில் செங்கல் வைத்திருந்தார்கள். இடுக்குகளால் ஆவி வந்தது. கராம்பு வாசம் ஆளைத் தள்ளியது. படங்கின் ஒரு மடிப்பைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கம்பிவலைத் தட்டுகள், மெஷின் காற்றுத் துப்பும் வாயோடு ஒட்டி அடுக்கடுக்காக. தட்டு முழுக்கக் கராம்பு. நடுவில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வேர்த்துக் கொட்ட, ஜவ்பர் முதலாளி குந்திக்கொண்டு கராம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ஆ, தம்பி! நல்ல நேரத்துல வந்தீங்க. பாருங்க, மறுக்கா சூடு நிண்டிரிச்சு. வெறும் காத்துத்தான் வருது. இப்படி நிண்டு நிண்டு ஓடினா இந்தக் கராம்பு எப்பக் காயிறது?”

மடிப்பைப் பிடித்தபடியே கேட்டேன். “முதலாளி... இது... எப்ப இருந்துங்க இப்புடி?”

“இந்த மழ தொடங்கினதில இருந்துதான். வெயில் இருந்தா முத்தத்துலயே காய வச்சிருவேன். மழைக்கிப் பச்சக் கராம்பு பூசணம் புடிச்சிரும்லோ. ஒரு நாள் இதுக்கு முன்னால நிண்டா, என்ன அருமையான சூட்டுக் காத்து! சும்மா வீணாத்தானே போகுது எண்டு...”

“நாங்க வந்தப்பல்லாம் இது ஒண்ணும் இல்லையேங்க!”

முதலாளி என்னை விசித்திரமாகப் பார்த்தார். “நீங்க டெலிபோன் எடுத்துச் சொல்லிட்டுத்தானே வாரது? வேல செய்ய வார ஆளுக்கு எடத்த ஒதுக்கிக் குடுக்க வேணாமா? சொன்ன ஒடனே எல்லாத்தையும் அள்ளி ஸ்டோர் ரூமுக்குள்ள போட்டுட்டு, கூட்டித் தொடச்சி வைக்கிறேன். இண்டைக்கும் காலயில அதத்தானே செஞ்சேன்!”

நான் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோளாறு இவ்வளவுதான். வெளிப்பெட்டியின் வேலை, அறையில் இருந்து எடுத்த சூட்டை வெளியே துப்புவது. துப்பிய சூடு போக வழியில்லாமல் படங்குக்குள் சுற்றித் திரும்ப அதே பெட்டிக்குள் போயிருக்கிறது. கம்பிரசர் கொதித்து, தன்னைக் காத்துக்கொள்ளத் தானாக நின்றிருக்கிறது. ஆறியதும் ஓடும், மறுபடி கொதிக்கும். வெயில் நாளில் கராம்பு முற்றத்துக்குப் போய்விடும், மெஷின் சுகமாக ஓடும். நாங்கள் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனோம், அவர் மரியாதையாகச் சுத்தம் செய்துவைத்தார். யாராவது மெஷினைத் தொட்டார்களா என்று ஐயா கேட்டபோது அவர் சொன்னது உண்மைதான். அவர் மெஷினைத் தொடவேயில்லை.

இதை நான் தட்டுத்தடுமாறி அவருக்குச் சொல்லிமுடித்தேன். அவர் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

“அப்ப... அந்த மையத்து வீட்டு கேக்...?”

நான் தலையாட்டினேன்.

“தம்பி, அவளுக்கிட்டச் சொல்லாதீங்க!”

“என்னத்தச் சொல்ல வேணாங்கிறீங்க?” என்று பின்னால் குரல் கேட்டது. ராத்தா குசினிக் கதவில் நின்றார். கையில் ஐசிங் படிந்த பிரஷ். “உள்ள என்ட பூவெல்லாம் வேர்க்கத் தொடங்கிட்டுது. நீங்க ரெண்டு பேரும் இங்க கூடாரத்துக்குள்ள மக்காவுக்கு உம்றா போற பிளான் போடுறீங்களா?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் முழுவதையும் கேட்டார். படங்கைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கடைசியில் புருசனைப் பார்த்தார். நான் எதற்கும் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டேன்.

“இந்தப் படங்கக் கட்டுறத நானும் நாளாந்தம் பாத்துட்டுத்தானே இருந்தேன்” என்றார் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. “ஏங்க, ஒலகத்துலயே பொண்டாட்டிட கேக்க உருக்கிப் புருசன் கராம்பு காய வச்ச வீடு நம்மட வீடாத்தான் ஈக்கும். போங்க! அள்ளுங்க எல்லாத்தையும்!”

மூன்று பேருமாக அள்ளினோம். படங்கை இழுத்து எறிந்துவிட்டு, கம்பிரசர் ஆறும் வரைக்கும் நான் பக்கத்தில் நின்றேன். முதலாளி ஒரு ஓலை விசிறியை எடுத்துக்கொண்டு வந்து மெஷினுக்கு விசிறத் தொடங்கினார். பிரயோசனமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சநேரத்தில் உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம், பிறகு அந்த உறுமல். தடித்த குழாயைப் பிடித்துப் பார்த்தேன். மெல்ல மெல்லச் சில்லிட்டது. இவ்வளவு நாளும் எத்தனையோ குழாய்களைப் பிடித்திருக்கிறேன், ஒரு குழாயைக் கும்பிடவேண்டும் போலிருந்தது அன்றைக்குத்தான். பித்தளை மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள்.

ஐயாவுக்கு அங்கேயிருந்தே டெலிபோன் எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று “ஹலோ, ஹலோ” என்றேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் அவர் சிரித்துக்கொண்டிருப்பது விளங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கிற ஆள், சிரித்து மூச்சு வாங்குகிறார்.

“மழை பெய்ய வைச்சம் காணும். குடையும் பிடிச்சம்! சரி, இனிமேல் ஒரு வீட்டுக்குச் சொல்லிப்போட்டு ஒருக்காப் போம். சரிவராட்டில் சொல்லாமல் ஒருக்காப் போம். ஆனால் நாய் இருக்கோ எண்டு முதலே விசாரிச்சு வையும்.”

அன்றிலிருந்து எங்கள் பகுதியில் அது எழுதாத சட்டமாகிவிட்டது. பையன்கள் குறித்துக்கொள்ளட்டும். நம்பர் காட்டுகிற மெஷினும் படங்கைப் பார்த்து ‘படங்கு’ என்று காட்டப்போவதில்லை.

முதலாளியின் கராம்பையும் அழியவிட முடியாது. கல்யாணம் முடியும்வரை ஒரு மொட்டுக்கூட அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்று ராத்தா உத்தரவு போட்டுவிட்டார். ஆகவே படுக்கையறைத் தரை முழுக்கப் பாய் விரித்துக் கராம்பைப் பரப்பி, வீட்டில் இருந்த மேசைவிசிறிகளையெல்லாம் அங்கே திருப்பிவிட்டோம். முதலாளிக்கு ஹோலில் சாய்மனைக் கதிரை. பிறகொரு நாள் போய், மெஷினிலிருந்து நல்ல தூரம் விட்டு, மறைப்பு எதுவும் இல்லாமல், ஒரு தட்டு ராக்கை அடித்துக்கொடுத்தேன். காய நேரம் எடுக்கும், ஆனால் இரண்டு பேர் தொழிலும் நடக்கும்.

ஞாயிறு காலை கம்பளைக்கு கேக் கொண்டுபோன வேனில் நானும் ஏறினேன். யாரும் கேட்கவில்லை. வீட்டில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது என்பதால் நானாகப் போய் நின்றேன். “வாங்க, மேல்தட்டுப் பெட்டிய மடியில வச்சிக்க ஒரு ஆள் வேணும்தான்” என்றார் ராத்தா. பேராதனைப் பாலம் தாண்டியதிலிருந்து நான் மூச்சை இழுத்தது ஞாபகமிருக்கிறது, விட்டது ஞாபகமில்லை. வளைவுகளில் டிரைவரை நான் பார்த்த பார்வையில், “அண்ணே, நீங்க கண்ண மூடிக்கங்க, எனக்குக் கை நடுங்குது” என்றான் அவன்.

மண்டபத்தில் ஐந்து தட்டும் ஏற்றி, ராத்தா கடைசி ஓர்க்கிட்டைச் செருகிவிட்டுப் பின்னால் நகர்ந்தார். வெளியே தூறல். பெண்ணின் பெரியம்மா வந்தார். பட்டுச் சேலை, கை நிறைய வளையல், பெரிய உடம்பு. போன கல்யாணத்துக் கதை கம்பளை வரைக்கும் வந்திருந்தது போல.

“பூவெல்லாம் தொங்கிப் போகும்னு சொன்னாங்களே” என்றபடி கேக்கைச் சுற்றி வந்தார். நானும் அவர் பின்னாலேயே சுற்றினேன். அவர் குனிந்தார். வேண்டாம் வேண்டாம் என்று நான் கையை நீட்டுவதற்குள், கீழ்த்தட்டு ஓர்க்கிட்டின் இதழ் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து வளைத்துப் பார்த்தார்.

‘டிக்’ என்று அது உடைந்து அவர் கையோடு வந்தது.

பெரியம்மாவின் முகத்தில் இரத்தமில்லை. எல்லாம் முடிந்தது என்று நான் ராத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். ராத்தா சிரித்துக்கொண்டிருந்தார்! வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

“ஒடஞ்சிச்சு தம்பி! கேட்டீங்களா சத்தத்த? அல்ஹம்துலில்லாஹ்!” என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். “ஈரம் குடிச்ச பூ துணி மாதிரி வளையும். காஞ்ச பூதான் இப்படிக் கண்ணாடி மாதிரி ஒடையும்!”

பெரியம்மா அங்குமிங்கும் பார்த்தார். தன் வீட்டார் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இதழைச் சட்டென்று வாய்க்குள் போட்டுவிட்டார். நறுக்நறுக்கென்று அவர் கடிக்கிற சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

“இன்னும் ரெண்டு பூ மிச்சம் ஈக்குது, தரட்டா மாமி?” என்றார் ராத்தா.